ஃப்ரெட்போர்டுக்கு ஈட்டி மரமா, கருங்காலியா, மேப்பிளா?

ஆறுதந்தி:
எலக்ட்ரிக் கிட்டாருக்குப் புது நெக் (கழுத்து) செய்யக் கொடுக்கப் போறேன். ஸ்கேல் (தந்தி அதிர்ற நீளம்) 25.5 அங்குலம், 22 ஃப்ரெட் (குறுக்கே பதிக்கிற உலோகக் கம்பி). நெக் மேப்பிள்னு முடிவு. அது மேலே ஒட்டுற, ஃப்ரெட் பதிக்கிற பலகையான ஃப்ரெட்போர்டுலதான் குழப்பம். சென்னை வீடு, பகல்ல புழுக்கம், ராத்திரி முழுக்க ஏசி. எது தாங்கும்? சத்தத்துல வித்தியாசம் தெரியுமா?

உளிச்சத்தம்:
உங்க நிலைமைக்கு ஈட்டி. கேட்லாக்ல இந்தியன் ரோஸ்வுட்னு போடுறது நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைத் தோதகத்திதான். பச்சை மரம் முழுசாக் காயும்போது ஆண்டு வளையத்தை ஒட்டின திசையில ஈட்டி சுமார் 6% சுருங்கும். மேப்பிள் 10%, ஆப்பிரிக்கக் கருங்காலி கிட்டத்தட்ட 11%. ஏசி ரூம்ல பலகை அகலம் குறையும், ஃப்ரெட் கம்பி குறையாது. அதனாலதான் ஓரத்துல கம்பி முனை விரலைக் கீறுது. கருங்காலியில இந்தத் தொல்லை அதிகம், நுனியில வெடிப்பும் வரும்.

எந்த மரமானாலும் குவார்ட்டர்-சான் பலகையாக் கேளுங்க, அதாவது ஆண்டு வளையம் பலகை முகத்துக்குச் செங்குத்தா நிக்கிற மாதிரி அறுத்தது. 22-வது ஃப்ரெட் நட்டிலிருந்து (நெக் தலைப்பக்கம் தந்தி உட்காருற கட்டை) 466 மி.மீ., அதனால 500 மி.மீ. நீளம் வேணும். பலகை காஞ்சுடுச்சான்னு பார்க்க வாரம் ஒருமுறை எடை போடுங்க; எடை மாறாம நின்ன பிறகு ஒட்டினாப் போதும். ஈட்டியில எண்ணெய்ப்பசை இருக்கும், ஒட்டுற முகத்தை அசிட்டோனால துடைச்ச கையோட பசை போடணும். தள்ளிப்போட்டா எண்ணெய் திரும்ப மேலே வந்துடும்.

பழையகம்பி:
சத்தத்தைப் பத்தி: அழுத்தும்போது தந்தி உட்காருறது ஃப்ரெட் மேல, மரத்து மேல இல்ல. பிக்கப்பை (தந்தி அதிர்வை மின்சார சிக்னலா மாத்துற காந்தச் சுருள்) அரை மி.மீ. ஏத்தி இறக்கினா வர்ற மாற்றம், பலகை மரத்தை மாத்தினா வர்றதைவிடப் பெருசு. விரலுக்குத் தெரியுற வித்தியாசம்தான் நிஜம்.

மேப்பிளுக்கு லாக்கர் (வார்னிஷ் மாதிரிப் பூச்சு) கட்டாயம், இல்லாட்டி வியர்வை ஏறிக் கறுத்துடும். லாக்கர் தேஞ்சாலும் அதே கதிதான். ஃபெண்டர் கம்பெனி தன்னோட ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாருக்கு 1959-ல ரோஸ்வுட் போட்டதுக்கு இந்த அழுக்குத் தோற்றமும் ஒரு காரணம்னு சொல்வாங்க. ஃப்ரெட் மாத்தும்போது லாக்கர் பிளந்து வரும், திரும்ப ஸ்ப்ரே பண்ணணும். கூலி கூடும்.

ஆறுதந்தி:
கடையில கன்னங்கரேல்னு ஒரு கருங்காலிப் பலகை இருக்கு, விலையும் குறைவு. சாயமா?

உளிச்சத்தம்:
வெள்ளைத் துணியில ஸ்பிரிட் நனைச்சு அடிப்பக்கம் தேய்ங்க. மை மாதிரி ஒட்டினா சாயம். ஈட்டியிலும் ஸ்பிரிட் பட்டா ஊதாச் சாயல் வரும், அது மரத்தோட இயற்கை நிறம், பயப்படாதீங்க. பழுப்புக் கோடு ஓடுற கருங்காலியும் அசல்தான். முழுக் கறுப்பு வேணும்னு அலையத் தேவையில்ல.

பின்னாடி கருங்காலியில ஃப்ரெட் பிடுங்க வேண்டி வந்தா, முதல்ல சால்டரிங் அயர்னை கம்பி மேல ஓட்டிச் சூடாக்கணும். நேரா இழுத்தா பள்ளத்தோட ஓரம் சில்லு சில்லாப் பேர்ந்துடும்.

பழையகம்பி:
ஒண்ணு விட்டுப்போச்சு. பலகையா வெளிநாட்டுக்கு அனுப்பினா ஈட்டிக்கு சைட்டீஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரின வர்த்தகத்தைக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம்) பேப்பர் வேணும், 2017-லிருந்து. செஞ்சு முடிச்ச கிட்டாருக்கு 2019 கடைசியில விலக்கு கொடுத்துட்டாங்க.