பேக்கப்: காப்புப்பிரதியா, காப்பெடுப்பா, மீள்படியா?

மடல் 1

நண்பர்களுக்கு வணக்கம்.

அலுவலகக் கணினிக் கையேடுகளில் ‘பேக்கப்’ என்பதற்குக் ‘காப்புப்பிரதி’ என்று எழுதிவருகிறோம். பெயர்ச்சொல்லாக அது நன்றாகவே நிற்கிறது. வினையாக்கும்போதுதான் இடறுகிறது. ‘காப்புப்பிரதியெடுத்தல் தோல்வியுற்றது’ என்ற அறிவிப்பு பொத்தானிலும் அடங்காது, வாயிலும் அடங்காது. வேலை செய்யும் இடத்தில் கேட்பது ‘பேக்கப் எடுத்தாச்சா?’ என்றுதான். அந்த ‘எடு’ நம்முடையதுதானே! காப்பு + எடு = காப்பெடு. செயலுக்குக் காப்பெடுப்பு, பொருளுக்கு வெறும் காப்பு. கருத்துச் சொல்லுங்கள்.

மடல் 2

ஐயா, ‘காப்பெடு’ என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். ‘காப்பியெடு’ என்றுதான் காதில் விழும். நகலெடுப்பதும் பேக்கப்பும் ஒன்று என்ற நினைப்பை ஒழிக்கத்தான் புதுச்சொல்லே வேண்டும். அதற்கே இந்தச் சொல் துணைபோகும்.

ஒத்திசைவு செய்யும் மேகக் கோப்புறையை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு கோப்பை அழித்தால் சில நொடிகளில் அங்கேயும் அழியும். இரண்டு வட்டுகளை ஆடிபோல இணைத்த ரெய்டும் அப்படித்தான். ஒரு வட்டு பழுதானால் காப்பாற்றும். தவறாக அழித்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் அழிக்கும். யூஎஸ்பி வட்டில் நகலெடுத்து அதைக் கணினியிலேயே செருகி வைத்திருந்தால், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அந்த வட்டையும் சேர்த்தே பூட்டிவிடும். மூன்றும் நகல்தான், ஆனால் மூன்றுமே அதனதன் விபத்தில் கைவிட்டுவிடும். அதனால் என் பரிந்துரை ‘மீள்படி’. கையெழுத்துப்படி, அச்சுப்படி என்பவற்றில் உள்ள அதே படி. வினைத்தொகை என்பதால் இயல்பாகப் புணரும்; ‘மீட்படி’ என்று யாரும் திருத்த வேண்டாம்.

3-2-1 விதியையும் இதை வைத்துச் சொல்லலாம்: மூலத்தோடு சேர்த்து 3 படிகள், 2 வகை ஊடகம், 1 படி வேறு கட்டடத்தில்.

மடல் 3

மீள்படி அழகான சொல். ஆனால் ‘மீள்படி எடுக்கும்படி கேட்கிறார்கள்’ என்று ஒரு வாக்கியம் வந்தால் வாசிப்பவர் தடுமாறுவார். அதை விடுங்கள், நான் வகைப்பெயர்களுக்கு வருகிறேன். இன்கிரிமென்டல், டிஃபரன்ஷியல் இரண்டுக்கும் அகராதிப் பொருளைத் தேடாமல், அவை நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்துப் பெயர் வைப்போம்.

ஞாயிறன்று முழுக்காப்பு 200 ஜிபி என்று கொள்வோம். நாள்தோறும் 4 ஜிபி அளவுக்கு வெவ்வேறு கோப்புகள் மாறுகின்றன. இன்கிரிமென்டலில், முந்தைய காப்புக்குப் பின் மாறியது மட்டும் சேரும்: தினமும் 4 ஜிபி. இடம் மிச்சம்தான். ஆனால் வியாழன் காலை வட்டு போனால் ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் நான்கையும் அதே வரிசையில் கோத்தாக வேண்டும். செவ்வாய்க் காப்பு கெட்டிருந்தால் புதனை நம்ப முடியாது. இது சங்கிலி, ‘தொடர்காப்பு’ எனலாம். டிஃபரன்ஷியலில் ஞாயிறுக்குப் பின் மாறிய எல்லாமே ஒவ்வொரு நாளும் சேரும்: திங்கள் 4, செவ்வாய் 8, சனிக்கிழமை 24 ஜிபி. மீட்பதற்கு ஞாயிறும் கடைசி நாளும் போதும். இது திரண்டுகொண்டே போவதால் ‘திரள்காப்பு’. எது கெட்டால் எது போகும் என்பது பெயரிலேயே பாதி விளங்கிவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்பை அப்படியே நகலெடுப்பது இவற்றில் சேராது. பாதி எழுதிய பக்கமும் கூடவே வரும், மீட்கும்போது திறக்காமல் போகலாம். தரவுத்தளத்தின் சொந்தக் கருவியால் உள்ளடக்கத்தைத் தனிக்கோப்பாக இறக்கி (டம்ப்), அந்த இறக்கத்தைத்தான் காப்பில் வைக்க வேண்டும். ‘இறக்கம்’ என்பதற்கு வேறு சொல் இருந்தால் தாருங்கள். எனக்கே அது பேருந்து நிறுத்தம்போல் ஒலிக்கிறது.

மடல் 4

எடுப்பதற்கு இத்தனை சொல் தேடும் நாம், திரும்பப் பெறுவதற்கு உள்ள குழப்பத்தை விட்டுவிட்டோம். ஒரு செயலியில் ‘மீட்டமை’ என்றால் ரீசெட், இன்னொன்றில் ரீஸ்டோர். முன்னது எல்லாவற்றையும் துடைத்துவிடும், பின்னது திரும்பக் கொண்டுவரும். பதற்றத்தில் இருப்பவர் எதை அழுத்துவார்? ரீஸ்டோருக்கு ‘மீட்டெடு’ மட்டும். ரீசெட்டுக்கு ‘மீள்’ கலந்த சொல்லே கூடாது. ‘தொடக்கநிலைக்குக் கொண்டுபோ’ என்று நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. இதே காரணத்தால் மீள்படியையும் நான் ஏற்கவில்லை.

சோதித்துப் பார்ப்பதற்கும் ஒரு சொல் வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துவைக்கும் இணையதளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தள அடைவை அழித்துவிட்டார். அன்றாடக் காப்பைத் தேடினால் ஒன்றுமே இல்லை. தரவுத்தளம் போஸ்ட்கிரஸ் 9.6, இறக்கும் கருவியோ 9.2, பதிப்பு பொருந்தாமல் அது பிழையோடு நின்றுகொண்டே இருந்திருக்கிறது. பிழையைச் சொன்ன மின்னஞ்சல்களும் பெறும் இடத்தில் நிராகரிக்கப்பட்டன. வேறொரு வேலைக்காகச் சுமார் 6 மணி நேரம் முன்பு எடுத்திருந்த கணப்படம்தான் (ஸ்னாப்ஷாட், அதாவது அந்தக் கணத்தில் தரவு இருந்த நிலையின் பதிவு) கைகொடுத்தது. மாதம் ஒருமுறை பத்துக் கோப்புகளை வேறொரு கோப்புறையில் மீட்டெடுத்து, ஷா-256 சரிபார்ப்பு எண் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அரைமணி வேலை. அதற்கு ‘மீட்டுப்பார்ப்பு’ என்ற பெயரை முன்வைக்கிறேன்.

மடல் 5

‘காப்பியெடு’ என்ற தடை நியாயமானது. ஆனால் பொத்தானைக் கண்ணால் படிக்கிறோம், காதால் அல்ல; வினைக்குக் காப்பெடு இருக்கட்டும் என்றே இன்னும் நினைக்கிறேன். பொருளுக்குக் காப்புப்பிரதி ஏற்கெனவே பரவிவிட்டது, மாற்ற வேண்டாம். தொடர்காப்பு, திரள்காப்பு, மீட்டெடு, மீட்டுப்பார்ப்பு நான்கும் அப்படியே. திரையில் காட்டும் வரிகளை இப்படி எழுதிப் பார்த்தேன்:

கடைசியாகக் காப்பெடுத்தது: நேற்று இரவு 11.30
வகை: தொடர்காப்பு, 4 ஜிபி
கடைசி மீட்டுப்பார்ப்பு: இதுவரை இல்லை

மூன்றாவது வரியைச் சிவப்பில் காட்டலாமா?