பாரத்தைக் கர்த்தர்மேல் வைப்பது எப்படி? ஜெபித்து எழுந்ததும் திரும்ப ஏறிக்கொள்கிறதே

கேள்வி (கரையோரம்):
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே, என்னிடத்தில் வாருங்கள், இளைப்பாறுதல் தருவேன்" என்று இயேசு சொன்ன மத்தேயு 11:28 பல வீடுகளில் சுவரிலேயே தொங்குகிறது. அந்த வாக்கை விசுவாசிக்கிறோம். ஆனால் ராத்திரி முழங்காலில் நின்று கடன், பிள்ளை படிப்பு, மாமியாரின் சிகிச்சை எல்லாம் சொல்லிவிட்டுப் படுத்தால், கொஞ்ச நேரத்தில் அதே கணக்கு தலைக்குள் ஓட ஆரம்பிக்கிறது. "விசுவாசம் போதாது" என்ற பதில் வேண்டாம். பாரத்தை இறக்கி வைக்க நடைமுறையில் என்ன செய்யவேண்டும்?

பதில் (மூன்றாம் மணி):
சகோதரி, இது விசுவாசக் குறைவல்ல. "ஆண்டவரே, என் கஷ்டமெல்லாம் உமக்குத் தெரியும்" என்று மொத்தமாகச் சொன்னால், எதை ஒப்புக்கொடுத்தோம் என்றே மனசுக்குப் பிடிபடாது. எசேக்கியா ராஜா அசீரியரின் மிரட்டல் நிருபத்தை (கடிதத்தை) ஆலயத்துக்கே எடுத்துப்போய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்தான் (2 இராஜாக்கள் 19:14). நீங்களும் பேங்க் நோட்டீஸை, டாக்டர் சீட்டை எதிரில் விரித்து வைத்தே ஜெபியுங்கள்.

ஒரு நோட்டில் பக்கத்துக்கு ஒரு கவலை. மேலே தொகையும் தேதியும்: "15-ஆம் தேதி தவணை 12,000, கையில் 7,000." கீழே நடுவில் கோடு. இடப்பக்கம் உங்கள் கையில் இருப்பது: மேனேஜரை நேரில் பார்த்து அவகாசம் கேட்பது. வலப்பக்கம் கையில் இல்லாதது: அவர் என்ன சொல்வார், அடுத்த மாச வருமானம். வலப்பக்கத்தை வாய்விட்டு வாசித்து ஒப்புக்கொடுங்கள். இடப்பக்கத்துக்குப் பெலன் கேளுங்கள். அதில் ஒன்றை மறுநாளே செய்துவிடுங்கள். அதையும் சேர்த்து ஆண்டவர்மேல் போட்டுவிட்டு உட்கார்ந்தால் சமாதானம் வராது. செய்யவேண்டியது கிடக்கிறது என்று உள்ளே உறுத்திக்கொண்டே இருக்கும்.

படுக்கப்போகும் நேரத்தில் இதைச் செய்யாதீர்கள். சாயங்காலம் 15, 20 நிமிஷம் ஒதுக்குங்கள். படுக்கும்போது சங்கீதம் 4 மட்டும் போதும்; அதன் கடைசி வசனமே நித்திரையைப் பற்றியது. கவலை திரும்பி வந்தால் முழு ஜெபத்தையும் மறுபடி தொடங்கவேண்டாம், அது கவலையைத்தான் இன்னொரு சுற்று ஓட்டும். "இது வலப்பக்கம், ஆண்டவரே" என்று ஒரே வாக்கியம். பத்துத்தரம் வந்தால் பத்துத்தரம் சொல்லலாம், தப்பில்லை. அப்போஸ்தலன் பவுலே தன் மாம்சத்திலிருந்த ஒரு முள் (தீராத உபாதை) நீங்க மூன்றுதரம் வேண்டிக்கொண்டார் (2 கொரிந்தியர் 12:8). முள் நீங்கவில்லை, கிருபை கிடைத்தது.

பதில் (ஒலிவ மரம்):
நோட்டு முறை கடனுக்குச் சரி. துக்கம் அப்படிக் கோடு போட்டுப் பிரிக்க வராது. அதற்குச் சங்கீதம் 13 இருக்கிறது, ஆறே வசனம். முதல் இரண்டில் தாவீது நாலு முறை "எதுவரைக்கும்" என்று முறையிடுகிறார். அடுத்த இரண்டில் விண்ணப்பம். கடைசி இரண்டில்தான் நம்பிக்கையும் பாட்டும். இதே வரிசையில் உங்கள் சொந்த வார்த்தைகளில் ஜெபியுங்கள். நம் கூட்டங்களில் முறையீட்டைத் தாண்டி நேரே ஸ்தோத்திரத்துக்குப் போய்விடுகிறோம். சொல்லாத வேதனை எங்கும் போகாது. சில நாள் மூன்றாம் பகுதி வரவே வராது. விட்டுவிடுங்கள், சங்கீதம் 88 கடைசிவரை துதிக்குத் திரும்பவில்லை, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

குற்ற உணர்வு வேறு ரகம். யாருக்காவது தரவேண்டியது இருந்தால் ஜெபம் மட்டும் போதாது. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்றான்.

கேள்வி கேட்டவர்:
மாமியாரைப் பார்த்துக்கொள்வது எந்தப் பக்கம்? தினமும் செய்தே ஆகவேண்டிய வேலை அது.

பதில் (சீலோவாம்):
இடப்பக்கம்தான், ஆனால் உங்கள் ஒருவர் தலையில் மட்டும் அல்ல. மோசேயிடம் அவருடைய மாமனார் எத்திரோ சொன்னது இதைத்தான்: நீர் ஒருவராய்ச் செய்ய முடியாது, தொய்ந்துபோவீர் (யாத்திராகமம் 18). வாட்ஸ்அப் குழுவில் ஜெபக்குறிப்பாகப் போட்டால் "ஆமென்" நிறைய வரும், ஆள் வராது. சபையில் வாய் காக்கிற ஒரு அக்காவிடம் நேரில் கேளுங்கள்: "செவ்வாய்க்கிழமை 10 மணியிலிருந்து 1 மணிவரை அத்தைகூட இருக்க முடியுமாக்கா?" நாளும் நேரமும் சொன்னால்தான் உதவ மனமுள்ளவர்களும் உதவ முடியும். அந்த மூன்று மணி நேரத்தில் வேறு வேலை இழுத்துப்போடாமல் தூங்குங்கள். சாக விரும்பிப் படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. இரண்டுதரம் எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான் (1 இராஜாக்கள் 19).

தூக்கமின்மையும் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். மாத்திரை எழுதிக் கொடுத்தால் ஜெபத்தைக் காரணம் காட்டி நிறுத்தாதீர்கள்.