புல்வெளி போட்டபின் சுவரில் ஓதம், புல்லும் மஞ்சள்: கான்ட்ராக்டர் வர மறுக்கிறார், என்ன செய்யலாம்?

சூலூர்_வீடு:
வணக்கம். கோவை சூலூர் பக்கம் சொந்த வீடு, கரிசல் பூமி. முன்புறமும் தென்புறமும் சேர்த்து 1,200 சதுர அடிக்குப் புல்வெளி, கேட்டிலிருந்து வாசல் வரை பேவர் பிளாக், ஸ்பிரிங்க்ளர், காம்பவுண்டு ஓரமாகப் பச்சைவேலி எல்லாவற்றையும் ஒரே கான்ட்ராக்டரிடம் ஒப்படைத்தோம். பேசிய தொகை 2,10,000 ரூபாய். அதில் 1,75,000 ஜிபே-யில் போய்விட்டது, 35,000 பாக்கி. அக்ரிமென்ட் என்று தனியாக இல்லை. வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய கொட்டேஷனில் "செம்மண் 6 யூனிட், 6 இஞ்ச் கனம், கொரியன் கிராஸ், 3 மாதம் இலவசப் பராமரிப்பு" என்று தெளிவாக இருக்கிறது.

முதலில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு புல் திட்டுத்திட்டாக மஞ்சளாகி, நடுநடுவே கோரை கிளம்பிவிட்டது. மழை நின்று ஒரு நாள் ஆனாலும் தென்புறம் தண்ணீர் வடிவதில்லை. கேட் அருகே பேவர் பிளாக் பள்ளமாகிவிட்டது. எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் தருவது ஹாலின் தென்சுவர். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு ஓதம் ஏறி பெயின்ட் கொப்புளமாக உரிகிறது. அதை ஒட்டிய அறையில்தான் மாமியார் படுக்கிறார், அவருக்கு ஆஸ்துமா.

கான்ட்ராக்டரிடம் சொன்னால் "நீங்க தண்ணி சரியா விடல" என்கிறார். புல்லை மட்டும் மாற்ற 28,000 கேட்கிறார், அதுவும் பாக்கியைக் கொடுத்தால்தான் ஆள் அனுப்புவாராம். இப்போது போனே எடுப்பதில்லை. இன்னொருவர் வந்து பார்த்துவிட்டு எல்லாவற்றையும் அள்ளிப்போட்டுப் புதிதாகச் செய்ய 90,000 ஆகும் என்றார். எதில் தொடங்குவது? படங்களையும் இணைத்திருக்கிறேன்.

செம்மண்_தோட்டம்:
அக்கா, நான் இதே தொழில்லதான் இருக்கேன். புல்லை விடுங்க, அதுக்கு அடியில என்ன கிடக்குதுன்னு முதல்ல பாருங்க. மஞ்சளான இடத்துல ரெண்டு, பச்சையா இருக்கிற இடத்துல ரெண்டு, தண்ணி நிக்கிற இடத்துல ஒண்ணுன்னு கடப்பாரையால ஒரு அடி ஆழத்துக்குக் குழி எடுங்க. பக்கவாட்டுல செம்மண் எவ்வளவு கனம் தெரியுதோ அதுக்கு ஸ்கேல் வெச்சு போட்டோ எடுத்துக்குங்க.

கணக்கு ரொம்ப லேசுங்க. ஒரு யூனிட்டுன்னா 100 கன அடி. 1,200 சதுர அடிக்கு அரையடி கனம்னா 600 கன அடி, சரியா 6 யூனிட். கொட்டேஷன்ல கணக்கு சரியாத்தான் போட்டிருக்காரு. மண்ணு மழையில அமுங்கும், கால்வாசி வரைக்கும் இறங்கலாம். அப்படிப் பார்த்தாலும் இன்னைக்கு நாலரை இஞ்ச் இருந்தே ஆகணும். ரெண்டு இஞ்ச் தான் இருக்குன்னா வந்தது ரெண்டு யூனிட் சொச்சம். "தண்ணி விடல, உரம் போடல" பேச்செல்லாம் அந்த இடத்துலயே அடிபட்டுப் போயிரும்.

அந்தக் குழியிலயே இன்னொரு வேலையும் பார்த்துருங்க. தண்ணி ஊத்தி முழுசா இறங்க விட்டு, மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்துல எத்தனை இஞ்ச் இறங்குதுன்னு பாருங்க. ஒரு இஞ்ச் இறங்கினா நல்ல மண். அரை இஞ்சுக்குக் கீழன்னா வடிகால் இல்லாம எந்தப் புல்லும் நிக்காது.

சிவில்_காரமடை:
மண் கணக்கு முக்கியம்தான், ஆனால் சுவர் அதைவிட அவசரம். இன்றைக்கே தென்புற ஸ்பிரிங்க்ளர் வால்வை மூடிவிடுங்கள், புல் காய்ந்தாலும் பரவாயில்லை. கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சுவரை ஒட்டி தினமும் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே இருந்தால் ஓதத்தோடு நிற்காது, பேஸ்மென்ட்டே (வீட்டின் அடித்தளமே) அசைந்து சுவரில் விரிசல் வரும். இதைக் கோவையின் கிழக்குப் பக்கத்தில் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். அந்தச் சுவருக்குள் பாத்ரூம் அல்லது கிச்சன் பைப் லைன் போகிறதா? போகிறதென்றால் பழியை முழுவதும் தோட்டத்தின் மேல் போட முடியாது. வெளியே புல்லின் மட்டம் பேஸ்மென்ட்டின் மேல்மட்டத்திலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது? 6 இஞ்சாவது தாழ்ந்திருக்க வேண்டும். கடைசியாக, தரையின் வாட்டம், அதாவது சரிவு, எந்தப் பக்கம்? கொத்தனாரைக் கூப்பிட்டு தண்ணீர் நிரப்பிய லெவல் டியூப் பிடித்துப் பாருங்கள். சுவரிலிருந்து வெளியே போகப் போக 10 அடிக்கு இரண்டரை இஞ்சாவது இறங்க வேண்டும்.

உள்ளே டேம்ப் ப்ரூஃப் பெயின்ட் அடிக்கச் சொல்லி யாராவது வந்தால் இப்போது வேண்டாம். வெளியே தண்ணீரை நிறுத்தாமல் உள்ளே அடைத்தால் ஈரம் சுவருக்குள்ளேயே இன்னும் மேலே ஏறும். கொப்புளமான பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுச் சுவரை மூச்சுவிட விடுங்கள். மாமியாரின் கட்டிலை இப்போதைக்கு வேறு அறைக்கு மாற்றிவிடுவது நல்லது. சுவர் உலர மாதங்கள் ஆகும்.

சூலூர்_வீடு:
இரண்டு பேருக்கும் நன்றி. கட்டிலை மாற்றிவிட்டோம், வால்வையும் மூடிவிட்டோம்.

குழி எடுத்ததில் மனசு விட்டுப்போச்சு. பச்சையாக இருக்கும் இடத்தில் செம்மண் 4 இஞ்ச். மஞ்சளான இடங்களில் 2 இஞ்ச் கூட முழுசாக இல்லை. அடியில் உடைந்த செங்கல், சிமென்ட் கட்டி, டைல்ஸ் துண்டு, கிழிந்த சிமென்ட் சாக்கு எல்லாம் வந்தது. வீடு கட்டும்போது மிஞ்சிய கழிவை அள்ளிக்கொண்டு போக லோடுக்கு இவ்வளவு என்று கொட்டேஷனிலேயே தனியாகப் பணம் வாங்கியிருந்தார். அதைப் போகவிடாமல் எங்கள் தோட்டத்திலேயே பரப்பி மேலே மண்ணைத் தூவியிருக்கிறார். தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் தென்புறக் குழியில் ஒரு மணி நேரத்துக்குக் கால் இஞ்ச் கூட இறங்கவில்லை.

தென்சுவரில் பைப் லைன் எதுவும் இல்லை. புல் மட்டம் பேஸ்மென்ட்டுக்குச் சரிசமமாக நிற்கிறது. கொத்தனார் டியூப் பிடித்ததில் வாட்டம் காம்பவுண்டிலிருந்து வீட்டுப் பக்கமாக இருக்கிறது. ஒரு ஸ்பிரிங்க்ளர் நேராகச் சுவர் மேலேயே அடித்திருக்கிறது, அதன் கறையும் தெரிகிறது.

கீரைப்பாத்தி:
படங்களைப் பார்த்தேன். இலையில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் கோடுகோடாகத் தெரிகிறதே, அது இரும்புச்சத்துக் குறைபாடாக இருக்க வாய்ப்பு அதிகம். சிமென்ட் கழிவு கிடக்கும் மண்ணில் காரத்தன்மை ஏறிவிடும். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேர் அதை எடுக்க முடியாது. கரிசலும் இயல்பிலேயே காரம், இரண்டும் சேர்ந்துகொண்டது.

உறுதிப்படுத்த எளிய வழி: அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், கூடவே ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் கலந்து, மூன்றடிக்கு மூன்றடி இடத்தில் மட்டும் மாலையில் தெளியுங்கள். பேவர் மேல் பட்டால் துருக்கறை போகாது, கவனம். ஒரு வாரத்தில் அந்தச் சதுரம் மட்டும் பச்சையானால் காரணம் அதுதான். ஆனால் இதை மருந்தாக நினைத்துத் தெளித்துக்கொண்டே இருக்காதீர்கள். கழிவு உள்ளே இருக்கும்வரை மறுபடி மறுபடி மஞ்சளாகும். மண்ணையும் போர் தண்ணீரையும் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து ரிப்போர்ட் வாங்குங்கள். கோவையில் வேளாண் பல்கலைக்கழகத்திலேயே செய்கிறார்கள். அந்த ரிப்போர்ட் பிறகு சண்டைக்கும் உதவும்.

இன்னொன்று. மூன்றாவது படத்தில் பச்சைவேலியாக நிற்பது கோனோகார்பஸ் மாதிரி தெரிகிறது. பளபளப்பான கூரான இலை, சின்னச்சின்ன உருண்டைக் காய்கள் இருக்கிறதா? அப்படியென்றால் பக்கத்தில் செப்டிக் டேங்க், சம்ப் எவ்வளவு தூரம்? இதன் வேர் தண்ணீரைத் தேடிக் குழாய்க்குள்ளும் சாக்கடைக்குள்ளும் புகுந்துவிடும். குஜராத் அரசு 2023-லேயே இதை நடத் தடை போட்டது.

சூலூர்_வீடு:
கோனோகார்பஸ்தான், கொட்டேஷனிலும் அதே பெயர் இருக்கிறது. செப்டிக் டேங்க் 4 அடி தூரத்தில். இப்போதுதான் தெரிகிறது, நல்லவேளை சொன்னீர்கள். அன்னபேதி தெளித்த சதுரம் மட்டும் நன்றாகப் பச்சையாகிவிட்டது. மண் ரிப்போர்ட்டில் கார அமில நிலை (pH) 8.8, நீங்கள் சொன்னதுபோல் காரம்தான்.

ஒண்டிப்புதூர்_அண்ணன்:
தங்கச்சி, நான் சொல்றது உங்களுக்குப் பிடிக்காம போகலாம். பாக்கி 35,000-த்தைக் கொடுத்து அவரையே வெச்சு முடிச்சுக்குங்க. கோர்ட்டு, கேஸுன்னு அலையறதுக்கு நிம்மதி பெருசு.

நுகர்வோர்_துணை:
அண்ணன் சொல்வதில் அக்கறை இருக்கிறது, ஆனால் இந்த நிலையில் பாக்கியைக் கொடுத்துவிட்டால் அவருக்குத் திரும்பி வர ஒரு காரணமும் இருக்காது. கொடுக்காமல் சும்மா இருப்பதும் தவறு. "கொட்டேஷன்படி வேலை முடியாததால் பாக்கியை நிறுத்தி வைத்திருக்கிறேன், சரிசெய்ததும் தருகிறேன்" என்று இன்றே வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். பிறகு "பணம் தராததால் வேலையை நிறுத்தினேன்" என்று அவர் சொல்ல முடியாது.

அடுத்து நோட்டீஸ். வக்கீல் மூலம்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை, நீங்களே எழுதலாம். பேசிய தொகை, கொடுத்த தொகை, கொட்டேஷனில் சொன்னது, குழியில் கண்டது, மண் ரிப்போர்ட், சுவருக்கு வந்த சேதம், நீங்கள் கேட்பது என்ன, 15 நாள் அவகாசம். உணர்ச்சி வார்த்தைகள் எதுவும் வேண்டாம், அளவுகள் மட்டும். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி டெலிவரி ஆன விவரத்தை எடுத்துவையுங்கள். 90,000 சொன்னவரிடம் லெட்டர்ஹெட்டில் வேலைவாரியாக எஸ்டிமேட் வாங்குங்கள். எல்லாவற்றையும் அள்ளிவிடாமல் ஒரு குழியையாவது அப்படியே விட்டுவையுங்கள், யாராவது வந்து பார்க்க நேரிடலாம். வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் அந்த போனையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

அதற்கும் பதில் இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம், தமிழிலேயே பேசலாம். அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்திலேயே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அக்ரிமென்ட் இல்லையே என்று பயப்பட வேண்டாம். கொட்டேஷனும் ஜிபே ரசீதும் சேர்ந்தால் அதுவே ஒப்பந்தத்துக்குச் சான்று.

சிவில்_காரமடை:
நோட்டீஸில் தென்புறத்துக்கு என்ன கேட்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள், "சரிசெய்து தரவும்" என்று மட்டும் விட்டால் மேலே பூசி மெழுகிவிட்டுப் போய்விடுவார். சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்குப் புல்லே கூடாது. அங்கே மண்ணைத் தாழ்த்தி, ஜல்லி போட்டு இடித்து, வெளிப்பக்கம் வாட்டமாக கான்கிரீட் அல்லது பேவர். அதன் ஓரத்தில் வடிகால் வாய்க்கால் போட்டுத் தெருப்பக்கமோ மழைநீர் சேகரிப்புக் குழிக்கோ கொண்டுபோக வேண்டும், குழி சுவரிலிருந்து தள்ளி இருக்கட்டும்.

கேட் பக்கம் கார் ஏறுகிறதா? ஏறினால் 80 மி.மீ. பிளாக் பாதுகாப்பு, 60 மி.மீ. என்றால் அடித்தளம் உறுதியாக இருந்தால்தான் தாங்கும். அடியில் 6 இஞ்ச் ஜல்லி மிக்ஸ் போட்டு பிளேட் காம்பாக்டர் (இடித்து இறுக்கும் மெஷின்) ஓட்டி, மேலே ஒன்றரை இஞ்சுக்குள் எம் சாண்ட். இறங்கிய இடத்தில் ஒரு பிளாக்கைக் கிளப்பிப் பாருங்கள். ஜல்லி இல்லாமல் நேராக மண்ணின் மேல் மணல் போட்டிருப்பார் என்பது என் கணிப்பு.

சூலூர்_வீடு:
கிளப்பிப் பார்த்தோம், ஜல்லி இல்லை. கார் தினமும் ஏறும் இடம், போட்டிருப்பது 60 மி.மீ.

நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததும் அவரே போன் செய்தார். வீட்டுக்கு வரச் சொல்லி, என் கணவரும் கொத்தனாரும் கூட இருக்க, குழிகளைக் காட்டினோம். முதலில் லோடுமேன்கள் மேல் பழி சொன்னார். யூனிட் கணக்கைச் சொன்னதும் பேச்சு நின்றுவிட்டது. கடைசியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்: கழிவு முழுவதும் அவர் செலவில் அகற்றுவது, தென்புறம் மூன்றடிக்கு வாட்டத்தோடு பேவர், கோனோகார்பஸை வேரோடு எடுப்பது, செம்மண் லோடு எங்கள் கண்முன் அளந்து இறக்குவது. பாக்கி 35,000 வேலை முடிந்து ஒரு மழை பார்த்த பிறகு. உட்சுவர் பூச்சுக்கு மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. அதை விடப்போவதில்லை, 1915-ல் பதிந்திருக்கிறேன்.

கழிவு அள்ளும் வேலை ஆரம்பித்துவிட்டது. இரண்டு சந்தேகம். புது மண் கொட்டியதும் உடனே புல் நடலாமா? வேப்பமரத்தடியில் முழு நிழல், அங்கேயும் கொரியன் கிராஸ் வருமா?

செம்மண்_தோட்டம்:
உடனே நட விடாதீங்க அக்கா, அவரு அவசரப்படுத்துவாரு. மண்ணை நிரவி, தண்ணி விட்டு ரெண்டு மூணு வாரம் சும்மா போடுங்க. மண்ணும் அமுங்கும், உள்ள ஒளிஞ்சிருக்கிற கோரையும் கிளம்பிரும். கிளம்பினதைக் கையால பிடுங்கினா மேல்தாள் மட்டும்தான் வரும், கிழங்கு உள்ளயே நின்னு மறுபடி தழையும். களைக்கொத்தால ஆழமா குத்தி கிழங்கோட எடுக்கணும். மறுபடி தண்ணி விட்டு, மறுபடி எடுத்துட்டு, அதுக்கப்புறம் நடுங்க. பள்ளம் விழுந்த இடத்துல மண்ணு போட்டு மட்டம் பண்ணிக்கவும் அந்த நாள் உதவும்.

வேப்பமரத்தடியில கொரியன் வேண்டாம். பஃபல்லோ கிராஸ் கொஞ்சம் நிழல் தாங்கும், ஆனா முழு நிழல்னா அதுவும் இளைச்சுப் போயிரும். அந்த இடத்துக்கான புல் காசைக் கழிச்சுக்கச் சொல்லி, சருகை அங்கயே மூடாக்கா போட்டு விட்டுருங்க. செம்மண் வண்டி வரும்போது தொட்டியோட நீள அகல உயரத்தை டேப் வெச்சு அளந்து, ஒவ்வொரு லோடுக்கும் போட்டோ எடுத்துக்குங்க.