கார்ட்லெஸ் டிரில் வாங்கணும்: 12 வோல்ட் போதுமா?

புதுக்குடித்தனம்:
வணக்கம். பட்ஜெட் 5000 ரூபாய். நாலு ஜன்னலுக்கு கர்ட்டன் ராட், சுவரில் ரெண்டு ஷெல்ஃப், கதவு கீல் இறுக்குறது, பார்சலில் வரும் மேஜையைப் பூட்டுறது. இவ்வளவுதான் வேலை. செங்கல் சுவர். 3.6 வோல்ட் ஸ்க்ரூ டிரைவர், 12 வோல்ட் டிரில், "48 வோல்ட்"னு போட்ட ஒரு செட், மூணும் பார்த்து வச்சிருக்கேன். எது சரி?

திருப்புளி:
அந்த 48-ஐ முதல்ல ஓரங்கட்டுங்க. ஒரு லித்தியம் செல் சுமார் 3.6 வோல்ட். 12 வோல்ட் மெஷின்ல மூணு செல் (12 என்பது முழு சார்ஜ் கணக்கு), 18 வோல்ட்ல அஞ்சு. 48-க்கு 13 செல் வேணும், அது அந்தச் சின்ன பேட்டரிக்குள்ள அடங்காது. ("20 வோல்ட் மேக்ஸ்" வேற விஷயம். அது முழு சார்ஜ்ல இருக்கிற 18 தான்.)

3.6 வோல்ட் மேஜை பூட்ட மட்டும். நல்ல மரத்துல 2 இன்ச் ஸ்க்ரூ பாதியில நின்னுடும். உங்களுக்கு 12 வோல்ட், 10 மி.மீ. சக் (பிட்டைப் பிடிக்கிற வாய்), ரெண்டு கியர் உள்ளது போதும். ஆன்லைன்ல "பேர் டூல்"னு இருந்தா பேட்டரியும் சார்ஜரும் வராது, பார்த்து வாங்குங்க.

சுவர்க்கோழி:
மேலே சொன்னது சரி, ஆனா கர்ட்டன் ராட் அதுல சேராது. ஜன்னலுக்கு நேர் மேலே இருப்பது செங்கல் இல்லை, லிண்டல், அதாவது மேல் சுவரைத் தாங்குற கான்கிரீட் உத்தரம். பெரும்பாலும் அரை அடி உயரம், ஜன்னலின் ரெண்டு பக்கமும் அரை அடி நீண்டிருக்கும். பிராக்கெட் அடிக்கிற இடம் சரியா அதுதான். 12 வோல்ட் டிரில் பூச்சைத் தாண்டினதும் சுத்திக்கிட்டே நிக்கும். அழுத்தி ஓட்டினா பிட் முனை மழுங்கும், மோட்டார் சூடாகும்.

கர்ட்டன் ராட் ஓட்டைகளுக்கு எஸ்டிஎஸ் ரோட்டரி ஹேமரை (சுத்திக்கிட்டே முன்பக்கமா குத்துற கான்கிரீட் டிரில்) ஒரு நாள் வாடகைக்கு எடுங்க. ஒரு இடத்துல பிட் இறங்காம நின்னா உள்ளே கம்பி. மல்லுக்கட்டாதீங்க, ஒரு இன்ச் தள்ளிப் போடுங்க. 6 மி.மீ. பிளக்குக்கு (ஸ்க்ரூவைப் பிடிக்க ஓட்டைக்குள்ள செருகுற பிளாஸ்டிக்) 6 மி.மீ. பிட், ஆழம் 40 மி.மீ.; பிட்ல டேப் சுத்தி அடையாளம் வைங்க. தூளை ஊதி எடுக்காட்டி பிளக் முழுசா உட்காராது. ஸ்விட்ச்போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளைக்கவே கூடாது, ஒயர் பைப் போகும்.

புதுக்குடித்தனம்:
நன்றி சார். அப்போ இம்பாக்ட் டிரைவர் வாங்கினா ரெண்டுக்கும் ஆகுமா? அதுவும் தட்டுமே?

சுவர்க்கோழி:
ஆகாது. அது தட்டுறது சுழற்சித் திசையில, ஸ்க்ரூ முறுக்க. கான்கிரீட்டை உடைக்க முன்பக்கமா குத்தணும். தவிர, அதுல கிளச் (போதுமான இறுக்கம் வந்ததும் முறுக்கை நிறுத்துறது) இருக்காது. துகள் பலகை மேஜையில ஒரு நொடி கூடினாலும் மரை அரைஞ்சு போகும்.

திருப்புளி:
டிரில்ல கிளச் வளையத்தை 4-5ல வச்சு ஆரம்பிங்க, "டக் டக்"னு சத்தம் வந்தா ஸ்க்ரூ உட்கார்ந்தாச்சு. பத்தலைன்னா ஒரு எண் ஏத்துங்க. ஸ்க்ரூ போட எப்பவும் 1-ஆம் கியர் (வேகம் குறைவு, முறுக்கு அதிகம்). கீல் ஸ்க்ரூ 4 மி.மீ.ன்னா முதல்ல 2.5 மி.மீ. ஓட்டை, தேக்குன்னா 3. ஸ்க்ரூ தலையில சிலுவைக்கு நடுவே மெல்லிசா இன்னொரு கோடு தெரிஞ்சா அது பிஇசட்2 (போசிடிரைவ்). பிஎச்2 (பிலிப்ஸ், சாதா சிலுவை) பிட் போட்டா வழுக்கி, தலையை மொட்டையாக்கிடும்.