வீட்டு கராஜ்ல ப்ளேன் கட்ட வொர்க்ஷாப் – கட்டின அனுபவம் உள்ளவங்க உதவுங்க

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு பேர் உக்கார்ற அலுமினியம் கிட் ப்ளேன் (பாகங்களா வாங்கி நாமே சேத்துக் கட்டறது) ஒண்ணு நானே கட்டணும்னு ரொம்ப வருஷ ஆசை, இப்பதான் கராஜை காலி பண்ணி இறங்கியிருக்கேன். முதல்ல வால் பகுதிதான், அதுக்குள்ள வொர்க்ஷாப்ப ஒழுங்கா செட் பண்ணிடணும்.

இதுவரைக்கும் ஏர் ட்ரில், ஓட்டை ஓரத்துப் பிசிறு எடுக்க டிபர்ரிங் டூல், ரிவெட் (தகடுகளை இணைக்கற ஆணி) தலை உக்கார குழி போட டிம்பிள் டை, கை ஸ்க்வீசர், ரிவெட் அடிக்க 3எக்ஸ் சைஸ் ரிவெட் கன், அடிக்கும்போது பின்னாடி முட்டு கொடுக்க ரெண்டு பக்கிங் பார் (இரும்புக் கட்டை) வாங்கிட்டேன். ரிவெட் அடிக்கற வரைக்கும் தகடுகளை சேத்துப் பிடிக்கற கிளீக்கோவும் இருக்கு, 3/32 இன்ச்சுக்கு வெள்ளி கலர், 1/8க்கு காப்பர் கலர், ஆனா எத்தனை நூறு வேணும்னு ஆளுக்கு ஒரு கணக்கு சொல்றாங்க, இறக்கை வரைக்கும் தாங்குற மாதிரி எவ்வளவு வாங்கினீங்க?

பெரிய கவலை ரிவெட்டுதான். வேண்டாத தகட்டுத் துண்டுல 1/8 ரிவெட் பத்து அடிச்சு பழகினேன், நாலு சாஞ்சிருச்சு. அடிச்ச தலை அகலம் ரிவெட் விட்டத்துல ஒன்றரை மடங்கு, உயரம் பாதி வரணும்ல, கேஜ் வச்சா அகலம் சரியாத்தான் வருது, ஆனா ஒரு பக்கம் நசுங்கி பிறை மாதிரி நிக்குது. பக்கிங் பார நான் நேரா பிடிக்கலையா, இல்ல ஏர் ப்ரெஷர் ஜாஸ்தியா? சாஞ்சத ட்ரில் பண்ணி எடுக்கும்போது ஓட்டை பெருசாகாம இருக்க என்ன பண்றீங்க? எனக்கு ஒண்ணு முட்டை வடிவமாவே ஆயிடுச்சு, நிஜ பாகத்துல அப்படி ஆனா மனசே தாங்காது.

அப்புறம் கம்ப்ரெசர். ரிவெட் கன்னுக்கு சின்ன டேங்க் போதும்னு தோணுது, பெயிண்ட் அடிக்கவும் அதே ஓடுமா? சத்தம் கம்மியா இருக்கறது எதுன்னும் சொல்லுங்க, ராத்திரிதான் எனக்கு நேரம் கிடைக்கும்.

உங்க வொர்க் பென்ச் போட்டோ இருந்தா கட்டாயம் போடுங்க, உயரம் எவ்வளவு வச்சீங்கன்னும் சேத்து.