புதுப்பிப்பு: மகளுக்கு அடுத்த கார் சீற் எடுத்தாயிற்று
13 கிலோவோடு முடிகிற குழந்தைச் சீற் மகளுக்குச் சிறுத்துவிட்டது, அடுத்து எதை வாங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பின்பக்கம் பார்த்தபடியே 18 கிலோ வரை இருத்தக்கூடிய ஒன்றை எடுத்தோம்.

"பிள்ளைக்குக் கால் மடங்குது, முன்னுக்குப் பார்த்து இருத்துங்கோவன்" என்று மாமி விடாமல் சொல்கிறார். கால் மடங்கினால் பரவாயில்லை. மோதினால் கழுத்தைத் தாங்குவது அந்தச் சீற்றின் முதுகுதான்.

எங்கள் பழைய காரில் ஐசோஃபிக்ஸ் (குழந்தைச் சீற்றை நேரே கொளுவக் காரிலேயே இருக்கும் உலோக வளையங்கள்) இல்லை. முழங்காலை ஊன்றி அழுத்தி, கார் பெல்ற்றை இழுத்த பிறகுதான் சீற் ஆடாமல் நின்றது. தோள் வாரை நுள்ளிப் பார்த்தேன், விரலுக்குள் மடியவில்லை. அப்படியென்றால் இறுக்கம் சரி.

கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு ஏ9 வீதியில் ஓடிப் பார்த்தோம். மாங்குளம் வர முன்னமே மகள் நித்திரை. வெயிலில் நிறுத்தினால் பக்கிள் சுடுகிறது. இப்போது துவாய் போட்டு மூடுகிறேன்.