மறு: வணிகப்பெயர் வகைகள் – இடுகுறி இருக்கப் புதுச்சொல் எதற்கு?

நண்பர்களுக்கு வணக்கம்.

பிராண்ட் தொடர்பான சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில், பிராண்ட் என்பதற்கே ஆறேழு சொற்கள் வந்துவிட்டன. இலங்கை நண்பர்கள் வர்த்தக நாமம் என்கிறார்கள், அரிசிக் கடையில் இன்னும் "என்ன மார்க்?" என்றுதான் கேட்கிறோம். நான் வணிகப்பெயர் என்றே எழுதுகிறேன், வேறு சொல் முடிவானாலும் சரி. என் கவலை அடுத்த கட்டத்தைப் பற்றியது. எந்தப் பெயர் வலுவானது, எது சட்டத்தில் நிற்காது என்று பேச வகைப்பெயர்கள் வேண்டும். அதற்கு முந்தைய மடலில் வந்த 'விவரணக்குறி' (descriptive, தன்மையை விவரிப்பது), 'தன்னிச்சைக்குறி' (arbitrary, தொடர்பில்லாத சொல்லை வைப்பது), 'கற்பனைக்குறி' (fanciful, புதிதாகப் புனைந்தது) ஆகியவற்றைப் படித்ததும் மனசு ஒப்பவில்லை. மூன்றும் ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால்தான் புரிகின்றன.

நாம் எட்டாம் வகுப்பிலேயே படித்த காரணப்பெயரும் இடுகுறிப்பெயரும் இதற்கென்றே செய்துவைத்தது போல இருக்கின்றன. பறவை, வளையல் காரணப்பெயர்கள். மரம், பனை இடுகுறிப்பெயர்கள். பெயருக்கும் பொருளுக்கும் நடுவே காரணம் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. வணிகப்பெயர் வழக்குகளில் நீதிமன்றம் கேட்பதும் அதைத்தான். 1976-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி ஹென்றி ஃபிரெண்ட்லி, ஆபர்கிராம்பி என்ற நிறுவனத்தின் வணிகப்பெயர் வழக்கில் பெயர்களை நான்கு படிகளாகப் பிரித்தார்: பொருளின் பொதுப்பெயர், பொருளின் தன்மையை நேராகச் சொல்வது, குறிப்பாக உணர்த்துவது, தொடர்பே இல்லாதது. கடைசிப் படியில், வேறு பொருளின் பெயரை எடுத்து வைப்பதையும் புதிதாகப் புனைவதையும் அவர் சேர்த்தே வைத்தார். நம் இடுகுறியும் இரண்டையும் சேர்த்தே பிடிக்கிறது.

ஆகவே என் முன்மொழிவு இது. தன்மையை நேராகச் சொன்னால் வெளிப்படைக் காரணப்பெயர். யோசித்தால் விளங்குமாறு சொன்னால் குறிப்புக் காரணப்பெயர். 'குளோஸ் அப்' என்று பற்பசைக்குப் பெயர் வைத்தால் பற்பசை என்று எங்கும் சொல்லவில்லை, ஆனால் பக்கத்தில் போய்ப் பேசும் தைரியம் நினைவுக்கு வருகிறது. வெளிப்படை, குறிப்பு என்ற இணையும் இலக்கணத்தில் ஏற்கெனவே இருப்பதுதான். கணினிக்கு ஆப்பிள் என்று வைத்தால் இரவல் இடுகுறி. 1888-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் தனக்குப் பிடித்த கே எழுத்தை முன்னும் பின்னும் வைத்துக் கட்டிய கோடாக், புனை இடுகுறி.

ஒரே சொல் இடத்துக்கு இடம் வகை மாறும். ஐவரி என்பது தந்தத்தால் செய்த பொருளுக்கு வெறும் பொதுப்பெயர், சோப்புக்கு இடுகுறி என்று அந்தத் தீர்ப்பிலேயே உதாரணம் இருக்கிறது. இதை நான் வீட்டில் பார்த்தேன். என் தங்கை வீட்டுக்காரர் செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறார். 'சுத்தமான செக்கு நல்லெண்ணெய்' என்பதையே பெயராகப் பதிய வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவர் தெருவிலேயே இன்னும் இரண்டு கடைகளின் பலகையில் அதே வார்த்தைகள்! 1999-ஆம் ஆண்டின் இந்திய வணிகக்குறிச் சட்டம் 9-ஆம் பிரிவில், பொருளின் வகை, தரம், அளவு, பயன், ஊர் இவற்றை மட்டும் சொல்லும் பெயரைப் பதிவு செய்வதில்லை என்று எடுத்துச் சொன்னேன். 'மரங்கொத்தி' என்று வையுங்கள் மாப்பிள்ளை என்றேன். "எண்ணெய்க்கும் மரங்கொத்திக்கும் என்ன அண்ணா சம்பந்தம்?" என்று தங்கை கேட்டாள். சம்பந்தம் இல்லாததுதான் அந்தப் பெயரின் பலம். பறவைக்கு அது அப்பழுக்கில்லாத காரணப்பெயர், எண்ணெய்க்கு வந்ததும் இரவல் இடுகுறி. இந்த இரண்டு சொற்களை வைத்துச் சொன்னதும் அவளுக்கு உடனே விளங்கியது. 'தன்னிச்சைக்குறி' என்றால் விளங்கியிருக்குமா?

இன்னொரு சொல்லும் கைவசம் இருக்கிறது: காரண இடுகுறி. ஆவினை எடுத்துக்கொள்ளுங்கள். ஆவின் பால் என்றால் பசுவின் பால், அவ்வளவுதான். தமிழறிந்தவருக்கு இதைவிட வெளிப்படையான காரணப்பெயர் கிடையாது. ஆனால் 'ஆ' பேச்சில் இல்லாமல் போய், நீல பாக்கெட்டும் பச்சை பாக்கெட்டும் தினமும் வாசலுக்கு வந்து, இன்றைக்கு அது ஒரே ஒரு கூட்டுறவு நிறுவனத்தை மட்டும் சுட்டுகிறது. காரணம் உள்ளே இருக்க, வழக்கம் அதை ஒருவருக்கு உரியதாக்கிவிட்டது. நீண்டகாலப் பயன்பாட்டால் தனித்துவம் பெற்ற பெயரைப் பதியலாம் என்று 9-ஆம் பிரிவே விலக்கும் தருகிறது. அந்த நிலையை ஆங்கிலத்தில் secondary meaning என்பார்கள், நமக்குக் காரண இடுகுறி என்ற இரண்டு சொல் போதும்.

எல்லாக் காரணப்பெயருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. சர்க்கரைக்குப் பதிலான இனிப்பூட்டிக்கு 'சுகர் ஃப்ரீ' என்ற பெயரை வைத்திருந்த காடிலா நிறுவனம், அமுல் தன் உறைபனி இனிப்பில் அதே சொற்களைப் போட்டதற்காகத் தில்லி உயர் நீதிமன்றம் போனது. சர்க்கரை இல்லை என்று சொல்வதை அமுலுக்கு முழுதாகத் தடுக்க நீதிமன்றம் சம்மதிக்கவில்லை.

அப்புறம், ஜெராக்ஸ் விஷயம். நிறுவனப்பெயர் எல்லா நகலுக்கும் ஆகிவருவதை 'ஆகுபெயராதல்' என்று ஒரு நண்பர் முன்மொழிந்தார். அழகான யோசனை, ஆனால் நான் உடன்படவில்லை. ஆகுபெயரில் பழைய பொருள் பக்கத்திலேயே இருக்கும். 'டிசம்பர் சூடினாள்' என்று டிசம்பர் பூவைச் சொன்ன பிறகும் டிசம்பர் மாதம்தான். ஜெராக்ஸ் கடைக்காரரிடம் எந்த நிறுவனத்து எந்திரம் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. டால்டாவும் நம் அடுக்களையில் அப்படித்தான் கரைந்தது. ஆஸ்பிரின் 1921-இலும் எஸ்கலேட்டர் 1950-இலும் அமெரிக்காவில் உரிமையாளர் கையை விட்டே போய்விட்டன. சிறப்புப்பெயர் பொதுப்பெயராகிவிட்டது. இலக்கணத்தின் பொது, சிறப்பு என்ற பிரிவு அப்படியே பொருந்துவதால் 'பொதுப்பெயராதல்' என்று சொன்னால் போதும்.

எனக்கு உறுத்தும் இடம் ஒன்று உண்டு. 'இரவல்' என்றால் திருப்பித் தர வேண்டியது என்ற எண்ணம் வரலாம். 'எடுத்தாள் இடுகுறி' என்றும் யோசித்தேன், வாயில் நிற்கவில்லை. 'புனை இடுகுறி'யைப் 'புனையிடுகுறி' என்று சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தங்கை வீட்டில் லேபிள் அச்சாகிவிட்டது. அதற்கான விளக்கக் குறிப்பைத் தமிழில் எழுதித் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்.